விரதமிருந்த மீன்கள்

அத்தியாயம் 9

“இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவுக ஒத்துக்கிடப் போறாகண்ணே.”

லிங்கம்மாள் என் அறை வாசலில் நின்று இதைச் சொன்னாள். உள்ளே வரவில்லை. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவிலிருந்து பாளையம்பட்டி வரை நடந்து வந்திருக்கிறாள். காலில் செருப்பில்லை. வைகாசி வெயில் எட்டு மணிக்கே தரையைக் காய்ச்சிவிட்டிருந்தது.

“எதை ஒத்துக்கிடப் போறாரு?”

“அண்ணனைக் கொன்னதா. மாஜிஸ்திரேட் முன்னால கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிட்டாக. ராத்திரி சோறு கொண்டு போனேன். தொடல. ‘பத்து நாளா நெசத்தச் சொல்லிப் பாத்துட்டேன், யாரும் நம்பல. இனி அவங்க நம்புறதச் சொல்லிட்டுப் போறேன்’னாக.”

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

அவள் புருஷன் ஜோதிலிங்கம், நெசவாளி. அவனுடைய அண்ணன் சென்னகேசவன் நூல் வியாபாரி. பதினோரு நாட்களுக்கு முன்பு அண்ணனைக் காணவில்லை. மறுநாள் திருச்சுழியில் குண்டாற்று மணலில் அவனுடைய சட்டை கிடைத்தது. சட்டை முழுக்க ரத்தம். பிணம் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் தம்பி நடுத்தெருவில் நின்று கத்தியிருந்தான்: சர்க்கார் எங்களுக்கு அளந்து கொடுக்கும் பெர்மிட் நூலைப் பதுக்கி எங்கள் தறிகளை முடக்கிவிட்டாய், உன்னை ஆற்று மணலில் புதைத்தால்தான் எங்களுக்கு விடியும் என்று. தெருவே கேட்டது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்று நாட்களாக நான் அவளுக்காக இதில் துப்புத் தேடி அலைகிறேன். என் கையில் ஒன்றும் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூலையில் காசிராஜன் பழைய சோற்றைப் பிழிந்துகொண்டிருந்தான். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரியடுப்பு பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். முதலாளி பஸ்ஸை விற்றதும் என்னிடம் ஒட்டிக்கொண்டான். வாய், வயிறு இரண்டும் அவனுக்குப் பெரிது.

“உக்காருங்க தாயி. சோறு இருக்கு. ரேஷன் அரிசிதான், கல்லோட சேத்துச் சாப்பிட்டா வயிறு திம்முனு இருக்கும்” என்றான்.

“சோறா?” லிங்கம்மாள் கசப்பாகச் சிரித்தாள். “ஊரே ரேஷன் கடையில நிக்குது. எங்க ஓரகத்தி தங்கம்மாக்கா மீனுக்குப் போடுறாக. வேளைக்கு ஒரு கிண்ணம். தெருவெல்லாம் அதான் பேச்சு. புருசன் செத்த வீட்டுல மீனுக்கு விருந்து.”

நான் எழுந்து நின்றேன்.

“வேளைக்கு ஒரு கிண்ணமா?”

“ஆமா. ஏண்ணே?”

முந்தின நாள் பகலில் நாங்கள் சென்னகேசவன் வீட்டுக்குப் போயிருந்தோம். முன்கட்டுப் பட்டாசாலையில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி. உள்ளே ஐந்து தங்க மீன்கள். சென்னையில் வாங்கி, பித்தளைக் குடத்தில் போட்டு, விருதுநகர் வரை ரயிலிலும் அதற்குமேல் பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்தானாம். தொட்டியைத் தாண்டினால் தறிக்கூடம். தங்கம்மாள் அங்கே ஒரு தறிப் பலகையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் கேள்விகளுக்குச் சுற்றுவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள். தெரியாது, பார்க்கவில்லை, தெரியாது.

காசிராஜன் தொட்டிக்குள் விரலை விட்டான். ஐந்து மீன்களும் பாய்ந்து வந்து விரலைச் சப்பின.

“அண்ணாச்சி, என்னை விடப் பசியில இருக்கிற சீவன் இருக்குன்னு இன்னிக்குத்தான் கண்டேன்” என்றான்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கம் தொங்கிய காலண்டரைப் படிக்க முடிந்தது. உள்ளே நட்டிருந்த பாசிக்கொடிகளில் இலையே இல்லை, காம்புதான். கண்ணாடியில் படிந்த பச்சையையும் வாய் எட்டிய இடமெல்லாம் வழித்துத் தின்றிருந்தன. துக்க வீடு, மீனை மறந்துவிட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

“அந்த மீன்கள் குறைந்தது பத்து நாள் பட்டினி, காசி” என்றேன் இப்போது.

“பாவம்.”

“ஒரு தங்க மீனுக்கு ஒரு வேளை ஆகாரம் அதன் கண் அளவுதான். அதுக்கு இரைப்பை கிடையாது. வெறும் குடல். வேளைக்குக் கிண்ணம் கிண்ணமாச் சோறு போட்டா ஒரே நாள்ல தண்ணி பாலாயிரும். நாலாம் நாள் மிதக்கும்.”

“எப்படி அண்ணாச்சி தெரியும்?”

நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். என் மனைவி சரஸ்வதி ஒரு கண்ணாடி ஜாடியில் இரண்டு தங்க மீன்கள் வளர்த்தாள். தினமும் ஜாடியின் ஒரே பக்கத்தில் விரலால் தட்டிவிட்டுப் பொரித்தூள் போடுவாள். அவள் போன பிறகும் அந்த நேரத்துக்கு அவை அந்தப் பக்கத்துக்கே வந்து வாயைத் திறந்தன. கேட்கக் கேட்கப் போட்டேன். நாலாம் நாள் மிதந்தன.

“தெரியும்” என்றேன்.

லிங்கம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப அந்தச் சோறு எங்கே போகுதுண்ணே?”

அதுதான் கேள்வி.

---

சென்னகேசவன் வீட்டில் கூட்டிப் பெருக்குகிறவள் ஒச்சம்மாள். ரேஷன் கடை வரிசையில் பிடித்தோம். ஐம்பது வயது இருக்கும். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

“ஆத்தா, ஒங்க வீட்டு மீனுக்கு மாப்பிள்ளை விருந்தாமே?” என்று காசிராஜன் ஆரம்பித்தான்.

“மாப்பிள்ளைக்குக்கூட அம்புட்டுப் போட மாட்டாக. மூணு வேளையும் கிண்ணம் நிறையப் போகும், காலியா வரும். என்னைத் தொட்டிப் பக்கம் அண்ட விட மாட்டாக. மீன் மிரளுமாம். என் மூஞ்சி அப்படியா இருக்கு?”

“உங்க மூஞ்சிக்கென்ன, எங்க பஸ்ஸு ராதா விளாஸை விட லட்சணம்.”

“எடுபட்ட பய.”

“ஒரு வேளைகூடத் தவறினதில்லையா?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. தினமும் போகும்.” வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். “அமாவாசை அன்னிக்கு மட்டும் காலையில போகல. மத்தியானம் காக்காய்க்குச் சோறு வச்சப்புறம்தான் போச்சு. ராத்திரி சோறு இல்ல. ரெண்டு தோசை.”

“மீனு தோசை தின்னுச்சா?” என்றான் காசிராஜன்.

“நான் என்னத்தக் கண்டேன்? மாவு இருந்தது அம்புட்டுத்தான். அக்கா தோசை சாப்பிடல. ராத்திரி அவுக சோறு சாப்பிட்டாக, மீனுக்குத் தோசை போச்சு. தட்டுல துவையலும் இருந்துச்சு.”

நான் அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன். காசிராஜன் ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

“அண்ணாச்சி, அது என்ன சாதி மீனு?”

“அப்பா இல்லாத மீன்.”

அவன் நின்றுவிட்டான். பிறகு மெதுவாக, “ஒருபொழுது” என்றான்.

அதேதான். அமாவாசை அன்று தகப்பனைப் பறிகொடுத்த ஆண்கள் ஒருபொழுது இருப்பார்கள். காலையில் பட்டினி. காக்கைக்கு வைத்த பிறகு பகலில் ஒரு வேளைச் சோறு. ராத்திரி பலகாரம். புருஷன் உள்ள பெண்கள் இருப்பதில்லை. தங்கம்மாள் அன்று ராத்திரி சோறு சாப்பிட்டாள். அந்தக் குடும்பத்தில் அமாவாசைக்கு ஒருபொழுது இருக்கிறவர்கள் ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகள். ஒருவன் லாக்கப்பில்.

பதினோரு நாள் அவள் பிசகாமல் பொய் சொல்லியிருக்கிறாள். போலீசிடம், தெருவிடம், ஓரகத்தியிடம். ஆனால் அமாவாசை ராத்திரி அவன் தட்டில் சோறு வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

“சென்னகேசவன் உசிரோட இருக்கான். அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கான்” என்றேன்.

“சண்டாளன். தம்பி தூக்குல தொங்குறதப் பாக்கவா?”

மணி பத்தாகியிருந்தது.

---

சப்-இன்ஸ்பெக்டர் வெளியூர் போயிருந்தார். பன்னிரண்டரைக்குத்தான் ஸ்டேஷனுக்கு வந்தார். நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர்.

“மிஸ்டர் பி.ஏ., கோர்ட்டுல நான் மீனையா கூண்டுல ஏத்துறது?” என் பட்டம்தான் அவருக்கு என் பெயர்.

“சோத்தை ஏத்தலாம் சார்.”

“அந்த வீட்டை முதல் நாளே சலிச்சுட்டேன்யா. மச்சு, கிணறு, கொல்லை, நெல்லுக் குதிர். கூடத்துல தறிப் பலகையிலே உக்காந்துதான் ரிப்போர்ட்டே எழுதினேன். ஈ காக்கா இல்ல.”

“இன்னொரு தடவை வாங்க. கையெழுத்துப் போட்டுட்டான்னா அப்புறம் அவனே ‘நான் செய்யல’ன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க.”

அவர் ஜன்னல் வழியே லாக்கப் பக்கம் பார்த்தார். ஜோதிலிங்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் லிங்கம்மாள் வைத்துவிட்டுப் போன தூக்குச்சட்டி, திறக்காமல்.

“ரெண்டு மணிக்கு வாரேன். மூணரைக்கு இவனைக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள உம்ம மீன் வாயைத் திறக்கணும்.”

“அது எப்பவும் திறந்துதாங்க இருக்கு” என்றான் காசிராஜன். “சொல்லத்தான் மாட்டேங்குது.”

---

ரெண்டேகால் மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். லிங்கம்மாள் பின்னாலேயே வந்தாள். தங்கம்மாள் அவளைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றாள். “இவ உள்ள வரக் கூடாது.” லிங்கம்மாள் எதிர்ச்சாரி நிழலில் போய் நின்றுகொண்டாள்.

தங்கம்மாளின் கண்கள் உறங்கியவள் கண்கள் அல்ல.

சப்-இன்ஸ்பெக்டர் நேரே தொட்டியிடம் போனார். குனிந்து பார்த்தார். பிறகு பிரம்பால் கண்ணாடியைத் தட்டினார்.

“வாருமையா பி.ஏ. வந்து பாரும்.”

தண்ணீர் பாலாக இருந்தது. அரிசிக் கழுநீர் மாதிரி. மேலே சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. ஐந்து மீன்களும் மேல்மட்டத்தில் வாயை வெளியே நீட்டி மூச்சுக்குத் தவித்தன. வயிறு உப்பியிருந்தது. ஒன்று ஒருச்சாய்ந்து கிடந்தது.

“மீன் சோறு திங்கலைன்னு சொன்னீரே. இதென்ன, மல்லிகைப் பூவா?”

கான்ஸ்டபிள் சிரித்தான். காசிராஜன் என்னைப் பார்த்தான்.  

“அம்மா, தினம் மீனுக்குச் சோறு போடுறீங்களா?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“போடுறேன். அவுக வளத்த சீவன்.”

“அவ்வளவுதான். வாங்க போவோம். கைதியைக் கூட்டிட்டுப் போற நேரமாச்சு.”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை. வாசல் வழியே தெரு தெரிந்தது. லிங்கம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன கண்டாளோ, அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தொட்டியின் முன்னால் மண்டியிட்டேன். வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கண்ணாடிக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

அடியில் கூழாங்கல் மேல் சோறு கரைந்து கூழாகிக் கிடந்தது. பருக்கை என்று ஒன்று இல்லை. அதன் மேல் பஞ்சு மாதிரி ஓர் ஆடை கட்டியிருந்தது. அந்த ஆடையின் மேல் ஊதிப் பருத்த பருக்கைகள், விரல் பட்டால் உடைகிற மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர்மட்டத்தில், முழுப் பருக்கை. முனை மழுங்கவில்லை. இப்போது இறக்கிய பானைச் சோறு.

எனக்கு இது தெரியும். ஜாடிக்கு முன்னால் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

“சார், ஒரு நிமிஷம்.”

“என்ன?”

“இது மூணு வேளைச் சோறு. மேல கிடக்கிறது இன்னிக்கு மத்தியானம். நடுவுல இருக்கிறது இன்னிக்குக் காலை. அடியில இருக்கிறது நேத்து ராத்திரி. நேத்துப் பகல்ல நாங்க வந்தப்ப இதுல ஒரு பருக்கை கிடையாது.”

“அதனால?”

“எங்களை ஏமாத்தப் போட்ட சோறுன்னா இன்னிக்குப் போட்டிருப்பாங்க. நேத்து ராத்திரி எனக்கே மீன் மேல சந்தேகம் வரல. லிங்கம்மாள் வந்து சொன்னது இன்னிக்குக் காலையிலதான்.” என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. “பத்து நாளா இந்தக் கிண்ணத்தை வேற ஒருத்தர் காலி பண்ணினாரு. நேத்து ராத்திரியிலிருந்து பண்ணல. சோத்தைத் தெருவுல கொட்ட முடியுமா, ரேஷன் காலத்துல? ஒச்சம்மா கண்ணுக்குக் கிண்ணம் காலியா வரணும். அதான் நெசமாவே மீனுக்குப் போட்டுட்டாங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் பிரம்பைத் தாழ்த்தினார்.

“தின்னவன் ஓடிட்டானா?”

நான் தறிக்கூடத்தைப் பார்த்தேன். ஆறு தறிகள். நூல் இல்லாததால் எல்லாமே சும்மா கிடந்தன. யாரும் தவறி விழாமலிருக்க, நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழிகளைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். கடைசித் தறிப் பக்கம் ராட்டை ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கூடம் நிசப்தமாக இருந்தது. நேற்று அப்படி இல்லை.

“ராட்டை ஏம்மா இன்னிக்கு ஓடல?”

“நூல் இல்ல” என்றாள் தங்கம்மாள்.

“நேத்தும் நூல் இல்ல. வெறும் ராட்டையைத்தான் சுத்துனீங்க. நாங்க இருந்த வரைக்கும் நிறுத்தல. யாரோ இருமுறது கேட்கக் கூடாதுன்னு சுத்துனீங்க. இன்னிக்கு இருமல் இல்லையா?”

அவள் உதடுகள் அசைந்தன. வீட்டுப் பேச்சான கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தாள். சாமி பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. சௌடம்மா.

“பத்து நாளா இருந்தவர் நேத்து ராத்திரி ஓடியிருந்தார்னா, உங்க முகம் இப்படி இருக்காது” என்றேன். “காய்ச்சலா?”



நான் அவளருகே போனேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன். “என் வீட்டுலயும் காய்ச்சல்தான். வெள்ளிக்கிழமை டாக்டரைக் கூப்பிட்டிருக்கணும். காலையில பாப்போம்னு இருந்தேன். சனிக்கிழமை கூப்பிட்டேன். அந்த ஒரு ராத்திரிதான் வித்தியாசம்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கடைசித் தறியைக் கை காட்டினாள். அப்படியே சுவரோடு சரிந்தாள்.

“முந்தா நாள்ல இருந்து அனல்” என்றாள். “நேத்துப் பொழுது சாஞ்சதுல இருந்து பேச்சில்ல. தண்ணி ஊத்தினா வெளிய வருது. இருக்காகளா இல்லையான்னுகூட... பாக்கப் பயந்துக்கிட்டு மத்தியானம் மூடின பலகையத் திறக்கல.”

சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ரிப்போர்ட் எழுதினது இது மேலதானுங்களா?” என்று காசிராஜன் பணிவாகக் கேட்டான். 

பலகைகளைத் தூக்கினோம். இடுப்பளவுக் குழி. அதன் ஒரு பக்கச் சுவரைக் குடைந்து ஆள் படுக்கிற அளவுக்கு அறை வெட்டியிருந்தது. உள்ளே சீல் உடைக்காத நூல் கட்டுகள். பெர்மிட் நூல். தெருவில் நூறு தறிகள் எதற்காக முடங்கினவோ, அந்த நூல். அதன் மேல் சென்னகேசவன் கிடந்தான்.

அசைவில்லை.

கொசுக்கள் எழுந்து வந்தன. சப்-இன்ஸ்பெக்டர் குழி விளிம்பில் நின்றார். நான் நின்றேன். உள்ளே கிடப்பவன் செத்திருந்தால், இத்தனை நாள் உயிரோடு இருந்தான் என்பதற்குப் பெண்டாட்டியின் வாயும் ஐந்து மீன்களும்தான் சாட்சி. பெண்டாட்டி பதினோரு நாளாகப் பொய் சொன்னவள்.

எங்களைத் தள்ளிக்கொண்டு யாரோ குழிக்குள் குதித்தார்கள். லிங்கம்மாள்.

அவன் மூக்கில் கையை வைத்தாள். மார்பில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

“இருக்கு” என்றாள். “மூச்சு இருக்கு. தண்ணி குடுங்க. யாராச்சும் தண்ணி குடுங்களேன்!”

காசிராஜன் டாக்டருக்கு ஓடிவிட்டிருந்தான். அவன் வயிற்றோடு அவ்வளவு வேகமாக ஓடுவான் என்று நான் நினைத்ததில்லை. நான் செம்பை நீட்டினேன். அவள் முந்தானையை நனைத்து அவன் வாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். கன்னத்தில் தட்டினாள்.

“அத்தான். அத்தான், கண்ணத் திறங்க. நீங்க செத்துரக் கூடாது. நாலு மணி வரைக்குமாச்சும் சாகாதீக. கேக்குதா? அவுகளப் பாத்துட்டுச் சாகுங்க.”

“அப்படிச் சொல்லாத லிங்கு” என்று மேலிருந்து தங்கம்மாள் கதறினாள்.

லிங்கம்மாள் நிமிரவில்லை. “வேற எப்படிச் சொல்ல? இவுகள மறைக்க எம் புருசனக் குடுத்தீகளேக்கா.”

“தம்பியப் பிடிச்சுட்டுப் போனப்போ, பிணம் இல்லாமத் தூக்குல போட மாட்டாகன்னு இவுகதான் சொன்னாக. ரெண்டு மாசத்துல தம்பிய விட்டுருவாக, நாம பம்பாய் பக்கம் போயிரலாம்னாக. நூல் கேஸுல மாட்டினா மானம் போயிரும்னு ஆட்டு ரத்தத்தைச் சட்டையில ஊத்தி... தம்பியப் பிடிப்பாகன்னு இவுக நினைக்கவே இல்லடி. முந்தா நாள், தம்பிய எப்படியும் ஒத்துக்கிட வச்சிருவாகன்னு தெருவுல பேச்சு வந்ததும், ‘பலகையை எடு, நான் போயி நிக்கேன்’னாக. எந்திரிக்க முடியல. நானும் எடுக்கல.”

கடைசிச் சொற்களை அவள் மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

எல்.எம்.பி. படித்த டாக்டர், காசிராஜன் ஓட்டிவந்த சைக்கிளின் கேரியரிலிருந்து இறங்கினார். சைக்கிள் யாருடையதென்று நான் கேட்கவில்லை. மலேரியா என்றார். கொயினா ஊசி போட்டார். நாலு பேராகத் தூக்கிப் பட்டாசாலையில் பாய் விரித்துக் கிடத்தினோம். சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு நிமிஷமும் கடிகாரத்தைப் பார்த்தார். கான்ஸ்டபிளை மாஜிஸ்திரேட்டிடம் ஒரு சீட்டோடு விரட்டினார்.

மூன்று ஐம்பதுக்குச் சென்னகேசவன் கண் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். பிறகு லிங்கம்மாளைப் பார்த்தான்.

“உம் பேரென்ன?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவன் சொன்னான். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னான்.

---

ஐந்தரை மணிக்கு ஜோதிலிங்கத்தைச் சப்-இன்ஸ்பெக்டரே கூட்டிக்கொண்டு வந்தார். மாஜிஸ்திரேட் கையெழுத்து வாங்கவில்லை, ஜாமீனில் விட்டிருந்தார். மீதி எழுத்து வேலை நாளைக்கு என்றார். சென்னகேசவன் பாய் அருகே ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தான். நூல் கட்டுகள் வாசலில் அடுக்கப்பட்டிருந்தன. தெருவே அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. 

ஜோதிலிங்கம் அண்ணன் காலடியில் நின்றான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.  தம்பி தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். நிற்கத் தெம்பில்லை.

“தம்பி எப்பச் சாப்பிட்டாக?” என்று தங்கம்மாள் கேட்டாள்.

“முந்தா நாள்” என்றாள் லிங்கம்மாள்.

தங்கம்மாள் உள்ளே போனாள். சோறு கொண்டுவந்தாள். அதே கிண்ணம். ஜோதிலிங்கத்தின் முன்னால் வைக்கக் குனிந்தாள்.

லிங்கம்மாள் நடுவில் கையை நீட்டித் தடுத்தாள்.

 

“இந்தக் கிண்ணத்துல வேணாங்க்கா” என்றாள் லிங்கம்மாள்.

எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு வட்டில் எடுத்துவந்தாள். கிண்ணத்துச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் அதில் தட்டினாள். கிண்ணத்தை ஓரகத்தி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வட்டிலைப் புருஷன் மடியில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு கை அள்ளினான்.

காசிராஜன் கிணற்றில் இறைத்த தண்ணீரை வெயிலில் ஆற்றிவைத்து, தொட்டியைக் கழுவி நிரப்பியிருந்தான். இரண்டு மீன்கள் போய்விட்டன. மூன்று இருந்தன.

“இன்னிக்கு மூணு பேருக்கும் முழுப் பட்டினி. ராத்திரி தோசைகூடக் கிடையாது” என்று அவற்றிடம் சொன்னான். தனக்குப் பசிக்கிறது என்று அன்று முழுக்க அவன் சொல்லவில்லை.

நான் தொட்டியருகே குனிந்தேன். என் நிழல் கண்ணாடியில் விழுந்தது. மூன்று மீன்களும் அந்த மூலைக்கு வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின.

கேட்டுக்கொண்டே இருந்தன. நான் ஒன்றும் போடவில்லை.